நம் மண்ணைப் படிக்க நம் பிள்ளைகள் வேண்டும்

ஆரம்பாக்கம், எளாவூர் பக்கத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் அடுத்து என்ன என்று கேட்டால் ஐ.டி.ஐ., டிப்ளமோ, இன்ஜினீயரிங் என்றுதான் பதில் வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்திலேயே இருக்கும்போது அது இயல்புதான். ஆனால் தொல்லியலும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். மனித வரலாற்றின் மிகப் பழைய பக்கங்களில் ஒன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் புதைந்திருக்கிறது.

1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார் ராபர்ட் புரூஸ் ஃபூட். அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங்குடன் இந்த மாவட்டத்துக் கொற்றலை ஆற்றுப் பகுதிக்கு வந்தபோது கற்கருவிகள் கிடக்கும் அத்திரம்பாக்கம் அகப்பட்டது. ஃபூட் வரலாற்றுப் பேராசிரியர் அல்ல; இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். பாறையையும் மண்ணையும் படித்த கண்ணுக்குத்தான் அந்தக் கல் கருவியாகத் தெரிந்தது.

கல்லுக்குள் ஒரு கடிகாரம்

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் தொல்லியலாளர் சாந்தி பப்பு தலைமையில் நடந்த அகழாய்வு, தொல்லியல் எப்படிப்பட்ட படிப்பு என்பதற்கு நல்ல பாடம். கருவிகள் குவார்ட்சைட் கல்லில் செய்தவை. தரைமேல் கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டு, அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற கதிரியக்க ஐசோடோப்புகள் மிகச் சிறிய அளவில் உண்டாகின்றன. கல் ஆழத்தில் புதைந்ததும் அவை உருவாவது நின்று, சிதைவு மட்டும் தொடர்கிறது. இரண்டில் அலுமினியம் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் சிதைகிறது. இன்று எஞ்சியிருக்கும் விகிதத்தை அளந்தால், கல் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். அப்படிக் கிடைத்த விடை சுமார் 15 லட்சம் ஆண்டுகள். 2011இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. மேலடுக்குகளில் கருவி செய்யும் முறையே மாறுவதையும், அந்த மாற்றம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதையும் 2018இல் 'நேச்சர்' இதழில் இதே குழுவினர் காட்டினர்.

ஆற்றோரம் கிடந்த கைக்கோடாரியைப் பொறுக்கிவந்து அலமாரியில் வைத்திருந்தால் இந்தக் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது. எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எதன் அருகில் கிடந்தது என்ற பதிவுதான் கருவிக்கு உயிர். தொல்லியல் மாணவருக்கு முதல் பாடமும் இதுவே: பொருளைவிட அது கிடந்த இடம் பெரிது.

கோட்டையும் கல்லறையும்

ஆரம்பாக்கத்துக்குத் தெற்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கடற்கரையில் அவர்களின் தலைமையிடமாக இருந்த கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் எழுத்தும் சிற்பமுமாக நிற்கிறது.

கட்டடம் எந்தக் கல்லால் ஆனது, சுண்ணாம்புக் காரை எங்கே உதிர்கிறது, உப்புக்காற்று எதை அரிக்கிறது என்று பார்க்கக் கற்பதும் இந்தப் படிப்புதான். கல்வெட்டு படியெடுப்பதும் அப்படியே. கல்லைத் துலக்கி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். பிறகு மையை ஒற்றினால் கறுப்பு நடுவே எழுத்துகள் வெள்ளையாக எழும். அடி பலமானால் தாள் கிழியும். தயங்கினால் எழுத்து விழாது. புத்தகத்தில் படித்து வராத கைப்பழக்கம் இது.

எங்கே படிக்கலாம்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் கற்பிக்கப்படுகின்றன. மாநிலத் தொல்லியல் துறையே முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பட்டயப் படிப்பு கிரேட்டர் நொய்டாவில் உள்ள தீனதயாள் உபாத்யாயா நிறுவனத்தில் நடக்கிறது. 2020 அக்டோபரில் அதன் தகுதிப் பட்டியலில் செம்மொழிகளின் வரிசையில் தமிழ் விடுபட்டது. எதிர்ப்பு எழுந்தபின் சேர்க்கப்பட்டது. தமிழ் எம்.ஏ. படித்தவருக்கும் இத்துறையில் உரிமை உண்டு என்பதை அன்று கேட்டு வாங்கினோம். அந்த வாசலில் நம் பிள்ளைகள் நுழையாவிட்டால் கேட்டதற்கே பொருளில்லை.

வேலை எளிதில் கிடைத்துவிடும் என்று ஆசை காட்டக் கூடாது. இடங்கள் குறைவு, காத்திருப்பு அதிகம். ஆனால் இந்தப் பகுதியில் தேவை பெரிது. ஏரிகளில் சவுடு மண் அள்ளப்படுகிறது. சாலைக்கும் தொழிற்சாலைக்கும் நிலம் சமன் செய்யப்படுகிறது. தொழில் வேண்டாம் என்பதல்ல பேச்சு. பொக்லைன் ஒரு வாளியில் அள்ளுவது பல ஆயிரம் ஆண்டுகளின் அடுக்காக இருக்கலாம். கலைந்த அடுக்கை எந்த ஆய்வகமும் திரும்ப வரிசைப்படுத்தித் தராது. பள்ளத்தில் பானை ஓடோ கற்கருவியோ தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்ல, அதை அடையாளம் தெரிந்த ஒருவர் ஊரில் இருக்க வேண்டும்.

அதற்கு இந்த மாவட்டத்துப் பள்ளிகளும் கல்லூரிகளும் பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்கு ஒரு நாள், பழவேற்காட்டுக்கு ஒரு நாள் என்று மாணவர்களை அழைத்துப் போகட்டும். வரலாறு, தமிழ் மாணவர்களோடு இயற்பியல், வேதியியல், நிலவியல் மாணவர்களும் போகட்டும். ஃபூட் வந்துபோய் 160 ஆண்டுகள் தாண்டிவிட்டன. அடுத்த கண்டுபிடிப்பைச் செய்பவர் ஆரம்பாக்கத்தில் ரயிலேறிப் படிக்கப் போன பிள்ளையாக இருக்கட்டும்.