பலகைத் தளத்தில் பழைய பெயின்ற் சுரண்டுமுன்

மலையகத்துப் பழைய பங்களாக்களிலும், கொழும்பு, கண்டி போன்ற நகரங்களின் பழைய மாடிவீடுகளிலும் பலகைத் தளங்களை இன்னும் காணலாம். சிவப்பு, பச்சை, சொக்லேட் நிறம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக எனாமல் பெயின்ற் பூசப்பட்டு, மரம் எதுவென்றே தெரியாமற் போன தளங்களும் உண்டு. அதைச் சுரண்டி மரத்தின் இயற்கை நிறத்தைக் காண ஆசைப்படுவது நியாயமே. ஆயினும் சுரண்டியை எடுக்குமுன் ஒரு விடயத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

நிறத்துக்காகவும் விரைவில் காய்வதற்காகவும் பழைய எனாமல் பெயின்ற்களில் ஈயம் சேர்க்கப்பட்டது. இலங்கையில் பெயின்றில் உள்ள ஈயத்துக்குச் சட்ட எல்லை நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரி 1 ஆம் திகதிதான். ஆகவே அதற்கு முன்னர் பூசியதில் ஈயம் இருக்கிறது என்று எண்ணியே வேலையைத் தொடங்குங்கள்.

உடலுக்குள் இவ்வளவு ஈயம் போனால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவுமில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. விழுங்கிய ஈயத்தைச் சிறுபிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சுகிறது. பாதிக்கப்படுவது மூளை வளர்ச்சி. தவழும் பிள்ளையின் கை எந்நேரமும் தளத்தில்தான், பிறகு வாயில். இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த உடலில் ஈயம் இன்னும் எளிதாகச் சேரும். தாயின் எலும்பில் தங்கிய ஈயம் கர்ப்பகாலத்தில் இரத்தத்தில் கலந்து கருவையும் சென்றடையும். பெயின்றைச் சுரண்டுபவர் பாஸாக இருக்கலாம். மாலையில் அந்தத் தூசியைக் கூட்டுவதும் அவருடைய உடுப்பைத் தோய்ப்பதும் பெரும்பாலும் பெண்கள்தானே!

பெயின்ற் உரியாமல் உறுதியாக இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே மேல். தளத்தைக் கழுவி, மேலே புதிய பெயின்ற் பூசலாம், அல்லது லினோலியம் விரிக்கலாம்.

அகற்றியே ஆகவேண்டுமானால் ஈரமாக அகற்றுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடியும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும். பலகை இடுக்குகளால் தூசி கீழறைக்கு இறங்கும். அங்குள்ள சட்டிபானை, படுக்கை யாவற்றையும் முன்கூட்டியே அகற்றிவிடுங்கள். மேலெழுந்த ஆணிகளை உள்ளே அடித்துவிட்டு, சிறு சிறு பகுதியாகத் தண்ணீர் விசிறி, மரத்தின் இழை ஓடும் பக்கமாகச் சுரண்டுங்கள். தண்ணீரை ஊற்றவேண்டாம், பலகை ஊதிவிடும். மினுக்குவதற்கும் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு அரத்தாளே ஏற்றது. மின்சார மெசினால் உலர்வாகத் தேய்ப்பது வீடு முழுவதும் ஈயத்தைத் தூவுவதற்குச் சமம். துணி முகக்கவசம் இதற்குப் போதாது. கொவிட் காலத்தில் அறிமுகமான என்95 வகையே தேவை.

புளோ லாம்பால் எரித்து உரிப்பதை அடியோடு தவிர்க்கவும். ஈயம் புகையாகிச் சுவாசத்தில் கலக்கும். இடுக்கிலுள்ள பழைய தூசியும் கனன்று தீப்பிடிக்கலாம். பெயின்ற் இளக்கும் திரவம் வாங்கினால் லேபலைப் பாருங்கள். மெதிலீன் குளோரைட் கலந்ததாயின் வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது, தளத்தோடு தளமாகத் தேங்கும். குனிந்து வேலை செய்பவர் சுவாசிப்பது அதைத்தான். உயிரிழப்புகளின் பின்னர் அமெரிக்கா 2019 இல் பொதுமக்களுக்கு அதனை விற்பதைத் தடைசெய்தது.

முடிந்தபின் தும்புத்தடியைத் தொடாதீர்கள். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, வேறு வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து மீண்டும் துடையுங்கள். சுரண்டிய செதில்களை எரிக்கவோ, மரக்கறிப் பாத்தியிலும் கோழிகள் கிளறும் இடத்திலும் கொட்டவோ கூடாது. தடித்த பொலித்தீன் பையில் இறுகக் கட்டிவிடுங்கள். வேலை செய்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்க்காமல் தனியே தோய்க்கவும்.