சாணைச் சில்லின் நடுக்கம்

உருக்கினாலான உறுப்புக்களுக்கு ஒப்பமான மேற்பரப்பையும் பிழையற்ற அளவையும் அளித்தற்கு இறுதியாகக் கையாளப்படுந் தொழில் சாணை பிடித்தலாகும். கடைசற்பொறியிலே ஏறத்தாழ உருப்பெற்றுவந்த தண்டொன்றினைச் சுழலுஞ் சாணைச் சில்லானது மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கு வரை திருத்தவல்லது. இத்துணை நுண்ணிய வேலை நிகழும்போது சிற்சில வேளைகளிற் பொறி ஓலமிடத் தொடங்கும். பின்னர்த் தண்டினை வெளிச்சத்திலே சாய்த்து நோக்கின், அதன்மேல் ஒழுங்கான இடைவெளியுடன் அலைக்கோடுகள் தோன்றும். விரலாற் றடவி அறியவொண்ணாத இவ்வலைகள் குண்டுப் போதிகையொன்றின் வளையத்தில் அமைந்துவிடின், அப்போதிகை இரைச்சலோடு சுழலும். அதன் ஆயுளுங் குறையும். வார்ப்பு, கடைசல், வெப்பமூட்டிக் கடினமாக்கல் ஆகிய யாவுங் கடந்துவந்த பொருள் கடைசிப் படியிலே கழிவாதல் எத்துணை நட்டம்!

ஆங்கிலத்திலே ‘சற்றர்’ எனப்படும் இந்நடுக்கம், உலோகம் வெட்டுதல் பற்றிய ஆராய்ச்சியின் முன்னோடியாகிய பிரெடெரிக் டெய்லரையே திகைக்கவைத்தது. 1907ஆம் ஆண்டு வெளிவந்த தமது பெருங்கட்டுரையில் இதனை மிகவும் மறைபொருளான சிக்கலென அவர் கருதினார். மறைபொருளாய் இருந்தமைக்கு ஒரு காரணம், தன்மையால் வேறான இரண்டு அதிர்வுகள் ஒரே முகத்துடன் தோன்றுதலாகும்.

முதலாவது, புறத்தேயுள்ள விசையால் நிகழ்வது. 35 சதமமீற்றர் விட்டமுள்ள சில்லு நிமிடத்துக்கு 1800 முறை சுழல்கின்றதெனக் கொள்வோம். அதன் மையத்திலிருந்து 15 சதமமீற்றர் தூரத்தில் ஒரு பக்கம் 10 கிராம் மிகையாக இருப்பின், எழும் மையநீக்க விசை ஏறத்தாழ 53 நியூற்றன். அஃதாவது 5 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை செக்கனுக்கு 30 முறை திசைமாறி இழுத்தலை ஒக்கும். தேய்ந்த போதிகை, பழுதான பட்டி, அயலிலுள்ள அழுத்தப்பொறி நிலத்தின் வழியே அனுப்பும் அதிர்ச்சி என்பனவும் இவ்வகையினவே.

இரண்டாவது, தானே தன்னை வளர்ப்பது. நாதசுரக் கலைஞன் சீராக ஊதும் மூச்சிலே அதிர்வு இல்லை. எனினுஞ் சீவாளி அம்மூச்சினின்று ஆற்றலைப் பெற்றுத் தன் அதிர்வைத் தானே பேணுகின்றது. சாணையிலும் இஃதே நிகழும். தற்செயலாக எழுந்த ஒரு சிறு துள்ளல் தண்டின்மீது மேடுபள்ளத்தைப் பதிக்கின்றது. தண்டு ஒருமுறை சுற்றி வந்ததும் அம்மேடுபள்ளமே சில்லை மீண்டும் அசைக்கின்றது. கற்சாலையிலே முன்சென்ற வண்டிகளால் உண்டான வரிப்பள்ளங்களைப் பின்வரும் வண்டிகள் ஆழமாக்குதல் போன்றது இது. 1950களிலும் 1960களிலும் இங்கிலாந்திலே தோபயஸ், செக்கோசிலோவாக்கியாவிலே துலுஸ்ரி முதலியோர் இக்கருத்தைக் கணிதமுறையில் விளக்கினர். அவர்கள் முதன்மையாக ஆராய்ந்த வெட்டுந் தொழில்களினும் சாணைத்தொழில் சிக்கலானது. ஏனெனில் இங்கே தண்டு மட்டுமன்றிச் சில்லுந் தேய்ந்து அலைகளை ஏற்கின்றது. நினைவு இரண்டு இடங்களிற் பதிவாகின்றது எனலாம். தண்டின் அலை விரைவில் வளரும். சில்லின் அலையோ மெல்ல மெல்ல வளரும். பல உறுப்புக்கள் குறையின்றி முடிந்த பின்னர் நடுக்கந் தொடங்கி, சில்லை வைரமுனையாற் சீவியதும் மறைந்து, சிறிது நேரத்தின் பின் மீள்வது இதனாலேயாம்.

இவ்விரண்டையும் பிரித்தறியாமல் மருந்து தேடுவது வீண். தண்டின் மேற்பரப்பு செக்கனுக்கு 30 சதமமீற்றர் வேகத்திற் செல்ல, அலைகளின் இடைவெளி 10 மில்லிமீற்றராயின் மீடிறன் செக்கனுக்கு 30. அது சில்லின் சுழற்சியோடு ஒத்தமையால் சில்லின் சமநிலையை முதலில் ஐயுறவேண்டும். பத்து அலைகள் சேர்ந்து 22 மில்லிமீற்றராயின் மீடிறன் ஏறத்தாழ 136 ஆகும். இது 30இன் மடங்கன்று. சில்லின் வேகத்தைச் சற்றே மாற்றியும் ஓசையின் சுருதி மாறாதிருப்பின், அது பொறியின் இயற்கை மீடிறனை ஒட்டித் தானே எழுந்த நடுக்கமென்று பெரும்பாலும் துணியலாம். அளவுகோலும் செவியுமே இதற்குப் போதும்.

முதல்வகைக்குச் சில்லைச் சமன்செய்தலும் பழுதுற்ற உறுப்பை மாற்றுதலும் பரிகாரம். இங்கே பலர் கவனியாத ஒன்றுண்டு. சில்லு நுண்டுளைகள் நிறைந்தது. குளிர்நீர் பாய்ந்துகொண்டிருக்கையிலே அதனை நிறுத்திவிடின் உறிஞ்சிய நீர் அடிப்பக்கத்திலே தேங்கும். மறுநாட் காலையிற் சில்லு சமநிலை இழந்திருத்தல் கண்டு பொறியைக் குறைகூறுவர்! நீரை முன்னரே மூடி, சில்லைச் சில நிமிடம் வெறிதே சுழலவிட்டு நிறுத்தினால் இத்தொல்லை இல்லை.

இரண்டாம் வகைக்குப் பொறியின் விறைப்பையும் தணிக்குந் திறனையும் மிகுத்தல், நீண்ட தண்டுக்கு இடையிலே தாங்கி கொடுத்தல், ஒடுங்கிய அல்லது மென்மையான சில்லைக் கொள்ளல் என்பன உதவும். தண்டின் வேகத்தைக் குறைத்தால் அலைகளின் இடைவெளி குறுகும். அது சில்லுந் தண்டுந் தொடும் நீளத்தினுஞ் சிறிதாயின் அலை பதியாது அழியும். ஆயின் ஒரே இடத்தில் வெப்பம் நீடித்து உருக்குக் கருகவுங் கூடுமாதலின் இம்முறையை அளவோடு கொள்க. சில்லின் வேகத்தை இடையறாது சிறிது கூட்டியுங் குறைத்தும் ஓட்டுதல் இன்னொரு வழி: பழைய அலையும் புதிய அதிர்வும் ஒத்திசைய வாய்ப்பின்றிப் போகும். மின்னணுக் கட்டுப்பாட்டு மோட்டார்கள் வந்தபின் இஃது எளிதாயிற்று.

இவையாவுஞ் செய்தும் பயனில்லையேல், வைரமுனையைப் பற்றியிருக்குந் தாங்கியை ஆட்டிப் பார்க்கவேண்டும். அது தளர்ந்திருப்பின், சில்லைத் திருத்தும் வைரமே அதன்மேல் அலைகளை எழுதிக்கொண்டிருக்கும்.