ஹிப்ழ் முடித்த பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

"தாத்தா, இவனுக்கு எட்டாம் ஆண்டுப் புத்தகத்தயா வாங்குற, இல்லாட்டி ஆறுலருந்தா தொடங்குற?"

தங்கச்சி இப்படிக் கேட்டது ஓர் ஏப்ரல் மாதத்தில். அவளுடைய மூத்த மகன் தரம் 6இன் முதலாம் தவணையோடு பாடசாலையை விட்டு ஹிப்ழ் மத்ரஸாவுக்குப் போனவன். இரண்டு வருடத்தில் முடித்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். அடுத்த ஜனவரியில் தன் வயதுப் பிள்ளைகளோடு தரம் 9இல் உட்கார வேண்டும். பழைய பாடசாலை சேர்த்துக்கொள்ள இணங்கியது. ஆனால் கணிதமும் மொழிகளும் வகுப்போடு ஓடக்கூடிய அளவுக்கு இருக்க வேண்டும் என்று அதிபர் சொல்லிவிட்டார். நியாயமான நிபந்தனைதான். கையில் இருந்தது ஒன்பது மாதம்.

எங்கள் ஊர்களில் இது புதிய கதை அல்ல. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது நாட்டுச் சட்டம்; 14 ஆக இருந்த மேல் எல்லை 2016இல் 16 ஆனது. அப்படியிருந்தும் இடைநிலை வகுப்புகளில் இரண்டு மூன்று வருடம் விடுபட்ட பிள்ளைகள் ஒவ்வொரு மஹல்லாவிலும் உண்டு. அந்த இடைவெளியை வீட்டில் நிரப்பப் பார்க்கும் உம்மாமார் முதலில் கேட்பது புத்தகத்தின் பெயரைத்தான். நானும் ஆசிரியையாக இருந்துகொண்டு அதே பிழையைச் செய்தேன். "எட்டாம் ஆண்டுப் புத்தகத்தயே எடு, வயசுக்கேத்தது" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் வீணாய்ப் போனது. நாலாம் வாரம் மகன் கொப்பியை மூடிவைத்து, "பெரியம்மா, குர்ஆன் ஏறின மண்டைல கணக்கு ஏறுதில்ல" என்றான். அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. முப்பது ஜுஸ்வையும் நெஞ்சில் வைத்திருக்கும் பிள்ளை தன்னை மொக்கன் என்று எண்ணத் தொடங்கியிருந்தான்.

அன்று இரவு ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். 1/2உடன் 1/3ஐக் கூட்டினால் எவ்வளவு? 0.35, 0.5 இரண்டில் எது பெரிது? 7இலிருந்து 12ஐக் கழித்தால் என்ன வரும்? 3x + 5 = 20 என்றால் x எவ்வளவு? 60இன் 15 சதவீதம் எவ்வளவு? வாய்ப்பாட்டை அவன் தண்ணீர் போலச் சொன்னான். ஆனால் முதல் கேள்விக்கு 2/5 என்று எழுதினான், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி. 35 ஐந்தை விடப் பெரியது என்பதால் 0.35தான் பெரிது என்றான். 7இலிருந்து 12 "கழியாது" என்றான்.

விடை அந்தத் தாளிலேயே இருந்தது. அவன் நின்ற இடம் தரம் 8 அல்ல, தரம் 6 முழுவதும் அல்ல, பின்னமும் தசமமும்தான். நமது கணிதப் பாடத்திட்டம் சுருள் போன்றது. பின்னம் தரம் 6இல் வரும், 7இல் இன்னும் கொஞ்சம், 8இல் இன்னும் கொஞ்சம். வகுப்பில் தொடர்ந்து இருக்கும் பிள்ளைக்கு அது வசதி. இடையில் விட்ட பிள்ளைக்கோ மூன்றாவது படியில் காலை வைக்கும்போது முதல் இரண்டும் இல்லை. அதிலும் கணிதத்தில் குறை உடனே தெரியாது. பின்னம் தெரியாதவன் அட்சரகணிதத்தில்தான் விழுவான். விழுந்த இடத்தைப் பார்த்து அட்சரகணிதத்துக்கு டியூஷன் வைப்போம்.

பிறகுதான் புத்தகத்துக்கு வந்தோம். தங்கச்சியின் சிநேகிதி ஒருத்தி சர்வதேசப் பாடசாலைகளில் படிப்பிக்கும் கேம்பிரிட்ஜ் கீழ் இடைநிலைப் புத்தகங்களைச் சிபாரிசு செய்தாள். 11 முதல் 14 வயதுக்கான அவை அழகான புத்தகங்கள், பயிற்சிகளும் நல்லவை. ஆனால் இவன் திரும்பிப் போவது தமிழ்மொழி மூல வகுப்புக்கு. யாரோ யூடியூபில் தமிழ்நாட்டுப் பாடங்களைக் காட்டினார்கள். இலவசம், நம் மொழி, ஆசிரியர்களும் கெட்டிக்காரர்கள். ஆனால் அங்கே இயற்கணிதம், இங்கே அட்சரகணிதம். அங்கே வடிவியல், இங்கே கேத்திரகணிதம். அங்கே கணம், இங்கே தொடை. அங்கே அடுக்கு, இங்கே சுட்டி. நாம் "பொது மடங்குகளுட் சிறியது" என்பது அங்கே "மீச்சிறு பொது மடங்கு". தமிழ் படித்த எனக்கு இந்த இரட்டைக் கலைச்சொற்கள் சுவையான ஆராய்ச்சி. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தலையிடி. விளங்காத ஒரு விடயத்துக்கு வீடியோ பார்ப்பது வேறு, அதையே பாடத்திட்டமாக வைத்துக்கொள்வது வேறு.

கடைசியில் நமது அரச பாடநூலையே முதுகெலும்பாக வைத்தோம். 1980 முதல் இலவசமாகக் கிடைப்பதாலோ என்னவோ நமக்கு அதில் மரியாதை குறைவு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் இறக்கிக்கொள்ளலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியும் கிடைக்கும். வீட்டில் படிப்பிக்கும் உம்மாவுக்குப் பாடநூலை விட அந்த வழிகாட்டிதான் அவசியம். ஏனென்றால் பாடநூல் வகுப்பில் ஓர் ஆசிரியர் நிற்கிறார் என்று நம்பி எழுதப்பட்டது, விளக்கம் குறைவு. வசதிக்கு, தமிழ்ப் பதிப்போடு ஆங்கிலப் பதிப்பையும் வைத்து ஒவ்வொரு கலைச்சொல்லின் ஆங்கில வடிவத்தையும் கொப்பியின் ஓரத்தில் எழுதச் சொன்னேன்.

தரம் 6, 7 புத்தகங்களை ஒழுங்காகப் பக்கம் புரட்டவில்லை. பின்னம், தசமம், திசைகொண்ட எண்கள், அட்சரகணிதக் கோவைகள், சமன்பாடு, விகிதம், சதவீதம் என்று ஒரே நூலில் கோத்தோம். தொடை, திண்மங்கள், சமச்சீர் எல்லாம் பிறகு. வெளிநாட்டு முறைகளில் இரண்டைக் கடன் வாங்கினேன். ஒன்று, 1980களில் சிங்கப்பூர் பாடநூல்களோடு பரவிய பட்டை வரைபடம். "அரிசியில் 2/5 பங்கு விற்றபின் 36 கிலோ மீதி" என்றால் ஒரு பட்டையை ஐந்து பெட்டியாகப் பிரி. மீதி மூன்று பெட்டி 36 என்றால் ஒன்று 12, எல்லாம் 60. x என்ற எழுத்து வருமுன்பே சமன்பாடு கண்ணுக்குத் தெரிந்துவிடும். மற்றது, அமெரிக்காவில் வீட்டில் படிப்பிப்போர் விரும்பும் சக்சன் புத்தகங்களின் வழக்கம்: ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு என்றால் நாலு இன்றைய பாடத்தில், ஆறு பழைய பாடங்களில். இதை மகன் உடனே பிடித்துக்கொண்டான். "இது தௌர் மாதிரித்தானே" என்றான். ஹிப்ழில் புதிய பாடத்தோடு பழையதை மீட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் மனனம் கணிதத்தில் மறைப்பாகவும் நிற்கும். பின்னத்தால் வகுக்கும்போது தலைகீழாக்கிப் பெருக்கு என்றால் பெருக்குவான். ஏன் என்றால் முழிப்பான். அதனால் ஒவ்வொரு விதிக்கும் ஒரு படம் அல்லது ஒரு கதை அவனே சொல்ல வேண்டும் என்று வைத்தேன். பின்னம் பிடிபட்டது பராயிழ் கணக்கில். ஒருவர் மவுத்தாகிறார், மனைவியும் தாயும் ஒரே மகனும் இருக்கிறார்கள். மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6, மீதி மகனுக்கு. 8க்கும் 6க்கும் பொது மடங்குகளுட் சிறியது 24. காணி 24 பேர்ச் என்றால் மனைவிக்கு 3, தாய்க்கு 4, மகனுக்கு 17. பகுதியெண்ணைச் சமப்படுத்துவது ஏன் என்று அன்று அவனே சொன்னான். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி எழுதிய, அல்ஜிப்ரா என்ற பெயருக்கே மூலமான நூலிலும் வாரிசுக் கணக்குகள் பெரிய பகுதியைப் பிடித்திருக்கின்றன. ஸகாத்தின் 2.5 சதவீதம் 1/40 என்பதும் அதே வாரத்தில் வந்து சேர்ந்தது.

மொழிகளுக்கு வருவோம். இங்கே ஒரு புத்தகம், ஒரு முறை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு மொழியிலும் பிள்ளைக்கு வெவ்வேறு குறை.

தமிழில் அவன் வாசிப்பான், எழுத்தில்தான் சறுக்கல். பழம் 'பளம்' ஆகும், மழை 'மளை' ஆகும். நம் பேச்சில் ழகரம் தேய்ந்துபோன விளைவு. ஆனால் இவன் ழாதையும் ழாவையும் தாலையும் ஸாயையும் பிரித்து ஓதும் பிள்ளை! மக்ரஜ் தெரிந்த நாவுக்கு ழ, ள, ல பிரியாதா? தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. எந்த எழுத்துக்கு நா எங்கே உயர்கிறது, எங்கே தொடுகிறது, எங்கே வருடுகிறது என்று சொல்வது. தஜ்வீத் பாடம் போலவே அதைச் சொல்லிக் கொடுத்தேன். நுனி நா மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் ழ. ரமழான், ஹாபிழ் என்று எழுதும்போது நாம் அரபின் இரண்டு எழுத்துகளுக்கு இந்த ழகரத்தைத்தான் கடன் கொடுத்திருக்கிறோம் என்றதும் அவனுக்குச் சிரிப்பு. பிறகு தினமும் அரைப் பக்கம் சொல்வதெழுதுதல், வாரம் ஒரு கடிதம். 'தமிழ் மொழியும் இலக்கியமும்' பாடநூலை முறையாக எடுத்தது அதற்குப் பின்னால்தான்.

ஆங்கிலத்தில் இலக்கணப் புத்தகம் வாங்கும் ஆசையை அடக்கிக்கொண்டோம். அவன் தரத்துக்குக் கீழான, ஒரு பக்கத்தில் நாலைந்து புதுச் சொல்லுக்கு மேல் இல்லாத கதைப் புத்தகங்கள்தான். நூலகத்திலிருந்து வாரம் இரண்டு. சத்தமாக வாசித்து, பிறகு தமிழில் கதை சொல்ல வேண்டும்.

சிங்களத்துக்கு வாப்பாவின் கடையே பாடசாலை. பேச்சுச் சிங்களத்தில் 'மம யனவா, அபி யனவா' என்று யாருக்கும் ஒரே வினை. எழுதும்போது 'மம யமி, அபி யமு' என்று மாறும். பாடநூலின் எழுத்துநடையை முதலில் திணித்தால் பிள்ளை வாயைத் திறக்காது. பேச்சு வந்த பிறகு எழுத்துக்குப் போனோம்.

அரபு பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவனுக்கு வரும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஓதத் தெரிவதும் மொழி தெரிவதும் ஒன்றல்ல. வாணியம்பாடியில் பிறந்து மதீனாவில் படிப்பித்த வி. அப்துர் ரஹீம் எழுதிய பாடநூல் வரிசை 'இது' என்ற ஒரு சொல்லோடு தொடங்குகிறது. மூன்றாம் பாடம் முடியுமுன் தான் ஓதிய ஆயத்துகளில் அந்தச் சொல்லைத் தேடத் தொடங்கினான். நேரம் இல்லாததால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்.

எல்லாமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம். சுபஹுக்குப் பிறகு தௌர், காலையில் கணிதம், அஸருக்குப் பின் மொழிகள். டிசம்பரில் அதே ஐந்து கேள்விகளை எண்களை மாற்றிக் கொடுத்தேன், ஐந்தும் சரி. தரம் 8 கணிதத்தில் கேத்திரகணிதம் பாதி பாக்கி, தொடைகள் தொடவேயில்லை. அதை அதிபரிடம் மறைக்கவில்லை. எந்தெந்தப் பாடம் முடிந்தது, எது முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதி, மகன் கையில் கொடுத்தனுப்பினேன். வகுப்புக் கணித ஆசிரியர் அந்தத் தாளைத் தன் பதிவுக் கொப்பிக்குள் ஒட்டிக்கொண்டாராம்.