நெட்வொர்க் ஸ்விட்ச்: பொருத்துதலும் இணைத்தலும்

நெட்வொர்க் ஸ்விட்ச் என்பது ஓர் அலுவலகத்தின் கணினிகளையும் அச்சுப்பொறிகளையும் கேமராக்களையும் ஒரே வலையமைப்பாக இணைக்கும் கருவி. ஒவ்வொரு கருவிக்கும் உரிய 48 பிட் மேக் முகவரி எந்த போர்ட்டின் வழியே வருகிறது என்பதைத் தானே அறிந்து அட்டவணைப்படுத்திக்கொள்வதால், அந்த முகவரிக்கு வரும் தரவை அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. மின்னிணைப்புக் கொடுத்த உடனேயே இயங்கத் தொடங்கும் என்பதால் இதைப் பொருத்துவது எளிய வேலை என்று கருதப்படுகிறது. உண்மையில் பின்னாளில் தோன்றும் பழுதுகளில் பல, பொருத்தும்போது கேபிள்களைக் கையாண்ட விதத்திலேயே வேர்கொண்டிருக்கின்றன.

ஸ்விட்சை ரேக் எனப்படும் 19 அங்குலச் சட்டத்தில் இருபுறமும் திருகாணியிட்டு இறுக்கி, அதன் உலோக உடலிலிருந்து நில இணைப்புக் கம்பியை இழுத்து, காற்றுத் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டால் முதற்கட்டம் முடிந்துவிடும்.

கேபிள் இணைப்போ கூடுதல் கவனத்தைக் கோருவது. ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. வெளியிலிருந்து வரும் மின்காந்த இடையூறு முறுக்கிய இரு கம்பிகளையும் ஏறத்தாழச் சமமாகத் தாக்க, பெறும் முனை அவ்விரண்டின் வேறுபாட்டை மட்டும் அளப்பதால், அந்த இடையூறு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஆகவே முனையில் கனெக்டரைப் பொருத்தும்போது 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கலாகாது. கேபிளின் மொத்த நீளமும் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதில் 90 மீட்டர் சுவருக்குள் நிலையாகச் செல்லும் பகுதிக்கும், எஞ்சியது இரு முனைகளின் இணைப்புக் கேபிள்களுக்கும் உரியது.

எல்லாவற்றிலும் கொடிய தவறு சுழலிணைப்பு, அதாவது இரண்டு ஸ்விட்சுகளை அறியாமல் இரண்டு கேபிள்களால் இணைத்துவிடுவது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக அனுப்பப்படும் தரவுச் சட்டகத்தை ஸ்விட்ச் தனது மற்ற போர்ட்டுகள் அனைத்திலும் வெளியிடும். ஈதர்நெட் சட்டகத்தில் ஆயுட்கணக்கு எதுவும் இல்லாததால், அது சுழலுக்குள் ஓயாது சுற்றிப் பெருகி, சில நொடிகளிலேயே வலையமைப்பு முழுவதையும் முடக்கிவிடக்கூடும். இதற்குத் தீர்வாக அமெரிக்கப் பொறியாளர் ராடியா பெர்ல்மன் 1985இல் வகுத்த ஸ்பானிங் ட்ரீ என்னும் நெறிமுறை, ஸ்விட்சுகள் தமக்குள் செய்தி பரிமாறி, மிகையான பாதையை அடைத்துவைத்து, முதன்மைப் பாதை அறுந்தால் மட்டும் அதைத் திறக்கும்படி செய்கிறது. மிகச் சிறந்த சிந்தனை இது. இதன் பழைய வடிவில் ஒரு போர்ட் செயல்பட ஏறத்தாழ 30 நொடிகள் பிடிக்கும் என்பதை அறியாதவர்கள், நல்ல கேபிளையே பழுதென்று கழற்றிவிடுவதுண்டு.

விலை குறைந்த ஸ்விட்சுகள் பலவற்றில் இந்த நெறிமுறை இல்லாததால், அங்கே ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் அது எங்கிருந்து எங்கே செல்கிறது என்று எழுதிய சீட்டை ஒட்டுவதும், சீட்டில்லாத கேபிளை எந்த போர்ட்டிலும் செருகாதிருப்பதும் இன்றியமையாதவை.