எருக்கை ஏன் பிடுங்கக் கூடாது?

மண்டைக்காட்டுக் கடற்கரை மணலில் யாரும் நடாமலே எருக்கு வளர்கிறது. வீட்டு மதிலோரம் முளைத்தால் மட்டும் பிடுங்கி எறிகிறோம். அதன் இலையைத் திருப்பிப் பாருங்கள்: கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு ஒரு புழு இருக்கலாம். அதுதான் நாளைய வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி.

பக்கத்திலிருக்கும் குரோட்டன்ஸை அது ஏன் தின்பதில்லை?

செடிகள் தம்மைக் காக்க இலையில் நஞ்சு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு பூச்சியும் தலைமுறை தலைமுறையாகச் சில செடிகளின் நஞ்சை மட்டுமே சமாளிக்கப் பழகியிருக்கிறது. எருக்கம்பாலின் நஞ்சையே தன் உடம்பில் சேர்த்துக்கொண்டு பறவைகளிடம் தப்புகிறது வெந்தய வரியன். கறிவேப்பிலையைத் தின்னும் 'கறிவேப்பிலை அழகி'யின் இளம்புழுவுக்கு வேறு தந்திரம்: பார்த்தால் பறவை எச்சம் போலவே இருக்கும்.

புழு இல்லாவிட்டால் பறவைக் குஞ்சுகளுக்கும் பட்டினிதான். தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியுமே ஊட்டும்.

இவற்றுக்கு வீட்டில் இடம் கொடுக்க எப்படித் தொடங்குவது?

மதிலோரம் ஓர் எருக்கு (பால் கண்ணில் படக் கூடாது), கிணற்றடியில் கறிவேப்பிலை, முற்றத்தில் தெச்சி. இடமிருந்தால் உப்புக்காற்றுக்கு அஞ்சாத புன்னை. அதன் பூவுக்குத் தேனீ வரும், காய்க்கு வௌவால் வரும். பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். இலையில் ஓட்டை விழுந்தால், விருந்தாளி வந்தாயிற்று என்று அர்த்தம்.