வெள்ளைப் புகைதான் வருது, வண்டி கிளம்பலே

மார்கழிக் காலையில் ஏலகிரிப் பனி வாணியம்பாடி வரை இறங்கும். அன்றைக்கெல்லாம் என் பழைய மகிந்திரா ஜீப் சுற்றும், வெள்ளைப் புகை கக்கும், கிளம்பாது. பேட்டரிமேல் பழி போடுவது சுலபம். பட்டறை பாய் விடமாட்டார்: “சார், மொதல்ல ஹீட்டரப் பாருங்க.”

எம்.எம். 540 ஜீப்பில் வந்த 2.1 லிட்டர் பியூஜோ டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்திச் சூடேறிய காற்றில்தான் டீசல் பற்றும். பற்றும் இடம் சிலிண்டர் ஹெட்டிலுள்ள சின்ன அறை. குளிரில் அதன் சுவரே சூட்டைக் குடித்துவிடும். அதற்குத்தான் சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக். வெள்ளைப் புகை என்பது எரியாத டீசல்.

சாவியை அணைத்து, பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். டெஸ்ட் லேம்பின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை பிளக்கின் தலையில். விளக்கு எரியாவிட்டால் அந்தப் பிளக் போச்சு. நான்கிலும் எரிகிறதா? பட்டையை மாட்டி, ஹீட்டரைப் போட்டு, அங்கே வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ரிலே, ஃபியூஸ், ஒயர். வந்தும் கிளம்பாவிட்டால் டீசல் லைனில் காற்று இருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். பேட்டரியை அப்புறம் திட்டலாம்.

கழற்றுவதுதான் வில்லங்கம். கரி பிடித்த பிளக்கை முரட்டுத்தனமாகத் திருகினால் ஹெட்டுக்குள்ளேயே முறியும், செலவு எங்கேயோ போய்விடும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, எண்ணெய் விட்டு, பொறுமையாகத் திருகுங்கள்.

அவசரத்துக்கு ஈதர் ஸ்ப்ரே அடிக்கச் சொல்வார்கள். சூடான ஹீட்டர் பிளக்கில் ஈதர் பட்டால் உள்ளே வெடித்து பிஸ்டனையே உடைக்கும். யார் சொன்னாலும் அடிக்காதீர்கள்.