புயல் காப்பகத்தின் சாவி யாரிடம்?

1999-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி. வங்கக் கடலில் இருந்து சீறி வந்த பேய்ப்புயல் ஒடிசா கரையைத் தாக்கியது. (அப்போது அந்த மாநிலத்தின் பெயர் ஒரிசா.) காற்றின் வேகம் மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர்! கடல் பொங்கி ஊர்களுக்குள் புகுந்தது. ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் மாண்டு போனார்கள். ஜகத்சிங்பூர் மாவட்டத்தில்தான் சாவு மிக அதிகம்.

எங்கே ஓடுவது?

புயல் வருகிறது என்று வானிலை நிலையம் முன்பே எச்சரித்தது. ஆனால் மக்கள் எங்கே ஓடுவார்கள்? பெரும்பாலோர் மண் வீட்டில் வாழ்ந்த ஏழைகள். செஞ்சிலுவைச் சங்கம் கட்டிய காப்பகங்கள் சில இருந்தன. அவற்றில் புகுந்தவர்கள் பிழைத்தார்கள்.

பிறகு அரசாங்கம் நிவாரணப் பணம் கொடுத்தது. போன உயிர் திரும்புமா?

ஊர் கையில் பொறுப்பு

அதே ஆண்டில், பேரிடரைச் சமாளிக்க மாநில அரசு தனி அமைப்பை ஏற்படுத்தியது. பின்னர் அரசுப் பணத்திலும் உலக வங்கிக் கடனிலும் காப்பகங்கள் எழுந்தன. இன்று 800-க்கு மேல் இருக்கின்றன.

கட்டிடத்தைக் கட்டிப் பூட்டி வைத்தால் கதவு துருப்பிடிக்கும். புயல் அன்று சாவியைத் தேடி அலைய வேண்டும். ஆகவே, பொறுப்பை ஊர்க் குழுவிடம் ஒப்படைத்தார்கள். பராமரிப்புக்கு வைப்பு நிதியும் கொடுத்தார்கள். பல காப்பகங்கள் மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடுவது உண்டு. அந்த வருமானம் பழுது பார்க்க உதவும்.

ஊர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் முதல் உதவி, மீட்புப் பணி ஆகியவற்றில் பயிற்சி. ஆண்டுதோறும் ஒத்திகை. நடக்க முடியாத பாட்டி எந்த வீட்டில் இருக்கிறாள் என்பது உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தானே தெரியும்?

கண் கண்ட பலன்

2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. 2019 மே மாதம் பானி புயல். 12 லட்சம் பேர் இடம் பெயர்ந்தார்கள். இறந்தவர்கள் 64 பேர்.

உயிர் தப்பியது, வீடு தப்பவில்லை. பானி புயலில் லட்சக்கணக்கான வீடுகள் சேதம் அடைந்தன. காப்பகத்தில் இருந்து திரும்பிய பலர் கூரை இல்லாத வீட்டைத்தான் கண்டார்கள். புயலைத் தாங்கும் வீட்டுக்கும் முன்கூட்டியே பணம் வேண்டும் என்பது அடுத்த பாடம்.

கடலோரத்தில் வாழும் வாசகர்களே! உங்கள் ஊர்க் காப்பகம் எங்கே இருக்கிறது? அதன் சாவி யாரிடம் இருக்கிறது? மழைக்காலம் வரும் முன்பே கேட்டு வையுங்கள்.